குடம் வைத்த நாற்காலி

தணிகாசலம் ஜன்னலில் வைத்த சின்ன ஆன்டெனாவுக்கு ஒரு பிடிவாதம். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி செண்பகம் உட்கார்ந்தால்தான் டிவியில் படம் தெளியும். அவள் எழுந்தால் செய்தி வாசிக்கிறவரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி, வாய் திறந்தபடி உறைந்துவிடும். அவரும் உட்கார்ந்து பார்த்தார். ஆன்டெனா மதிக்கவில்லை. அந்த வீட்டில் அது மட்டும் மதித்துவிடுமா என்ன?

இன்று அவள் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் கிளம்புகிறாள். ‘போகாதே’ என்று சொல்ல முப்பது வருடமாக அவருக்கு வாய் வந்ததில்லை.

“நீ போயிட்டா டிவி தெரியாதே.”

“ஏன், நான் என்ன கம்பியா?”

நிறைகுடம் ஒன்றைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தாள். படம் பளிச்சென்று வந்தது.

“போதுங்களா? இது உங்ககூட சண்டையும் போடாது.”

பையை எடுக்க அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, டிவியில் கட்டங்கள். குடம் அவர் இடுப்பில். சட்டையெல்லாம் ஈரம்.

“பாத்தியா செண்பகம், குடம் வச்சும் படம் நிக்கல.”

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அடுத்த பஸ் எத்தனை மணிக்குங்க?”