சேவல் சொன்ன கதை

ராத்திரி கரும்பு லாரி ஓட்டும் ஆர்னலுக்கு ரேடியோதான் துணை. அன்றைக்கென்று பார்த்து வழக்கமான பாட்டு நிலையம் கரகரத்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றவே, குமிழைத் திருகினான்.

"நான் ஒரு சண்டைச் சேவல்..." என்று ஒரு குரல் அழுதது.

ஆர்னல் சிரித்துவிட்டான். நீக்ரோஸ் தீவின் ராத்திரி நாடகங்களில் பேய் பேசும், முதலை பேசும். சேவல் பேசுவது புதுசு.

"பேசு ராசா" என்று சத்தத்தைக் கூட்டினான்.

"திருவிழா ராத்திரி. எஜமானர் வீட்டில் இல்லை. நாய்க்கு ரம்மில் ஊறிய ரொட்டியைப் போட்டுவிட்டு, மூங்கில் வேலியை அறுத்துக்கொண்டு வந்தார்கள் இரண்டு பேர்..."

ஆர்னலின் சிரிப்பு நின்றது.

"ஓடுகிற அவசரத்தில் ஒருத்தன் இடதுகால் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டான்!"

அந்தச் செருப்பு ஆர்னலுடையது. சேவல், மோன்சிங் முதலாளியின் 'ஜெனரல்'. தோல்வியே அறியாத அந்தச் சேவல் போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று ஊரே பேசியது. ஞாயிற்றுக்கிழமை அதைப் பக்கத்துத் தீவான செபுவுக்குப் படகேற்றிவிட்டால் ஆர்னலும் மைத்துனன் புபோயும் தப்பித்தார்கள். மாட்டினால் ஜெயில். அதுவும் முதலாளியின் ஆட்கள் உயிரோடு விட்டால்.

லாரியை ஓரங்கட்டி போன் போட்டான்.

"டேய் புபோய், குடிச்சுட்டு எவன்கிட்டடா உளறினே?"

"அம்மா மேல சத்தியமா இல்ல மச்சான்! நீதான் தூக்கத்துல பொலம்புவேன்னு அக்கா சொல்லும்."

"வாயை மூடு! எல்லாம் அப்படியே ரேடியோவுல வருதுடா!"

சேவல் விக்கி விக்கி அழுதது.

"நேயர்களே, என்னை ஒளித்து வைத்திருக்கும் இடம்... நாளை இரவு இதே நேரம் சொல்கிறேன்!"

ஆர்னலுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள் ஒருத்தர் விடாமல் கேட்கிற நாடகம். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இன்றைக்கே சேவலை இடம் மாற்றியாக வேண்டும்.

கரும்புச் சுமையோடு லாரியைத் திருப்பினான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.

கரும்புத் தோட்டத்து நடுவே ஆலைக்காரர்கள் கைவிட்ட ரயில் பெட்டி. ஆர்னல் உள்ளே நுழைந்து, சேவல் கூடையை அணைத்துக்கொண்டு இறங்கினான். முகத்தில் டார்ச் வெளிச்சம் அடித்தது.

மோட்டார் சைக்கிள்காரன், மோன்சிங் முதலாளி, அவர் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"காட்டிக் கொடுத்தது புபோய்தானே முதலாளி?"

"ஓ... ரெண்டாவது ஆள் புபோயா?" என்றார் முதலாளி.

சேவலை வாங்கி முத்தமிட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சது ரம் வாடையோட மயங்கின நாய், அறுத்த வேலி, ரெண்டு பேர் கால்தடம், ஒத்தைச் செருப்பு. அப்புறம் லாரி டயர் தடம். அதான் சந்தேகப்பட்ட டிரைவர் ஒவ்வொருத்தன் பின்னாலயும் ஒரு ஆளை விட்டேன். நீ லாரியைத் திருப்பினதுமே இவன் எனக்குப் போன் போட்டுட்டான். இது என் தங்கச்சி. ரேடியோ நாடகம் எழுதுறா."

அந்த அம்மாள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை வந்தே தம்பி! சேவல் எங்க இருக்குன்னு தெரியாம, நாளைக்கு என்னத்தை எழுதறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்."