பின்பக்கம் பாய்ந்த ஆள்

“அந்தப் பொண்ணு கைக்குழந்தைக்காரின்னுகூடப் பாக்காம மேல வந்து விழறியே, நீயெல்லாம் இன்னாய்யா மனுசன்?”

பச்சையம்மாள் கொய்யாக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போட்ட சத்தத்தில், திருப்பதி பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

புத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பைக் குறுக்கே வந்துவிட, டிரைவர் சடன் பிரேக் போட்டிருந்தார். விழுந்து கிடந்த பைக்காரனைத் தூக்க அவர் இறங்கிப் போயிருந்த நேரம்.

பஸ்ஸின் முன்பக்கம், நிற்க இடமில்லாத கூட்டத்தில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தவள் யமுனா. முன்னால் ஓரமாக நின்ற நீலச் சட்டைக்காரன், பிரேக் பிடித்த அந்த நொடியில் குறுக்கே பாய்ந்து முதுகால் இடித்த இடியில், அவளுக்குப் பின்னால் சீட்டில் இருந்தவர்கள் மடியில் போய் விழுந்தாள். தோள் விண்விண்ணென்று வலித்தது. குழந்தை வீல்வீலென்று கத்தியது.

நீலச் சட்டைக்காரன் நெஞ்சோரம் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

“செய்யறதயும் செஞ்சுட்டு நடிக்கிறான் பாரு!”

“பிரேக் போட்டா யாரா இருந்தாலும் விழத்தாம்மா செய்வாங்க. விட்டுத் தள்ளு” என்றார் ஒரு பெரியவர்.

ஜன்னலோரம் இருந்த பள்ளிக்கூடத்துப் பெண் எழுந்தாள். பேர் ஹரிதா. அன்றைக்குப் பிசிக்ஸ் பரீட்சை, மடியில் புத்தகம்.

“இல்ல தாத்தா. ஓடற பஸ்ல பிரேக் போட்டா நம்ம உடம்பு முன்னாலதான் போகும். அதான் இனர்ஷியா. நீங்க முன்னால விழுந்தீங்க. நானும் முன்சீட்ல இடிச்சுக்கினேன். இவரு மட்டும் எப்படிப் பின்னால வருவாரு? வேணும்னேதான் தள்ளியிருக்காரு.”



“சபாஷ்டி கண்ணு! படிச்ச புள்ளன்னா இப்படி இருக்கணும்!” என்றாள் பச்சையம்மாள்.

அதற்கப்புறம் ஒருத்தரும் யோசிக்கவில்லை. காலரைப் பிடித்தார்கள். முதுகில் ரெண்டு வைத்தார்கள்.

“ஆஸ்பத்திரியில... என் வொய்ஃபு... டெலிவரி...” திக்கித் திணறினான் அவன்.

“பொண்டாட்டி பிரசவ வலியில கிடக்கிறா, உனக்கு அடுத்தவன் பொண்டாட்டி கேக்குதா?”

“நீ சொல்லும்மா. இறக்கி விட்டுடலாமா?”

எல்லாக் கண்ணும் யமுனா மேல். நாலு பேர் பார்த்தாலே கூசிப் போகிறவள். குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பின்படி வழியாக அவனைத் தள்ளினார்கள்.

டிரைவர் வந்து ஏறினார். பஸ் கிளம்பியது. வெயிலில், நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், அவன் ரோட்டோரம் உட்காருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

யமுனாவுக்கு ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். பச்சையம்மாள் நல்ல பழமாகப் பார்த்து ஒரு கொய்யா எடுத்து ஹரிதா கையில் வைத்தாள்.

வடமாலப்பேட்டையில் நிறுத்தியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இங்க நீலச் சட்டை போட்டுக்கினு ஒருத்தர் இருந்தாரே, எங்க? நான் இறங்கறப்பவே நெஞ்சப் புடிச்சுக்கினு நின்னாரு, அடி பலமாப் பட்டிருக்குமே. பைக்க நான்கூடப் பாக்கல. அவருதான் ‘அண்ணா, பிரேக்கு!’ன்னு கத்தினாரு.”



யமுனா எழுந்து, தான் முதலில் நின்ற இடத்துக்கு வந்தாள். எதிரே, கைப்பிடி உடைந்துபோன கம்பி ஒன்று ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் இருந்த குழந்தையின் தலைக்குச் சரியான உயரம்.

கம்பி முனையில் நீலத் துணிக் கிழிசல். தொட்டாள். விரலில் ரத்தம் ஒட்டியது.

குழந்தையின் உச்சியைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

பக்கத்தில் வந்து பார்த்த ஹரிதாவின் கையிலிருந்து கொய்யா நழுவி உருண்டது.

“அக்கா...” அழுகையை அடக்க முடியாமல் சொன்னாள். “வேணும்னேதான் தள்ளியிருக்காரு.”