ஹாவ்லிதி கேட்ட பெயர்

"ஸ்டெய்ன்வோர், நில்லு! அந்த வீட்டுல இன்னிக்குக் குழந்தைக்குப் பேர் வைக்கிறாங்க. இன்னிக்குப் பார்த்தா சண்டை போடப் போறே?"

கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் மனைவியின் பின்னால் ஓடினார் கியார்தன். பனியில் கால் வழுக்கியது. அவள் திரும்பியே பார்க்கவில்லை.

போவது பெர்கூர் வீட்டுக்கு. இரண்டு வருஷமாக அவள் வாசலைக்கூட மிதிக்காத வீடு.

அவர்கள் மகன் ஹாவ்லிதி, பெர்கூரின் படகில்தான் வேலை பார்த்தான். ஒருநாள் சிக்கிய வலையை எடுக்கச் சொல்லி பெர்கூர் அவனை முன்பக்கம் அனுப்பினான். போனவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"உன் தப்பு இல்லப்பா" என்று கியார்தன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். பெர்கூர் கேட்டால்தானே? அன்றிலிருந்து படகில் ஏறவில்லை. ஸ்டெய்ன்வோரோ அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கு அவன் பெண்டாட்டி பிள்ளையோடு ஊரைவிட்டே போகிறான்.

"ஸ்டெய்ன்னா கல்லு. பேர்லயே கல்லை வச்சிருக்கிறவளுக்கு மனசு எப்படி இளகும்?" என்று மீன் கொட்டகையில் வேலை பார்க்கும் ஹெர்டிஸ் சொன்னது கியார்தன் காதிலும் விழுந்திருக்கிறது.

பெர்கூர் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மூலையில் கட்டிவைத்த பெட்டிகள். மேசையில் காபி, சர்க்கரை தூவிச் சுருட்டிய அப்பம். பாதிரியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும்வரை, என்ன பெயர் என்பது பெற்றோருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் ஊகிப்பதுதான் வேடிக்கை.

"பியோர்ன்தான்! கரடிக்குட்டி மாதிரி எப்படிச் சுருண்டு கிடக்கான் பாரு."

"அட போப்பா, இவன் ஊளையிடுறதுக்கு ஊல்வூர்னு வை. ஓநாய்!"

கதவு திறந்தது. சிரிப்பு நின்றது.

ஸ்டெய்ன்வோர் நேராகத் தொட்டிலருகே போனாள். பெர்கூரின் மனைவி இல்வா சட்டென்று குழந்தையை எடுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்ன பேர் வைக்கப் போறே?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. அந்த ஊரில் யாரும் கேட்கக்கூடாத கேள்வி அது.

"அக்கா... தண்ணி ஊத்துற வரைக்கும் சொல்லக் கூடாதே..."

"சொல்ல வேண்டாம். எந்தப் பேரா இருந்தாலும் மாத்திடு."

கியார்தன் அவள் கையைப் பிடித்தார். "வா, போயிடலாம்." உதறினாள்.

பெர்கூர் எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. குழந்தையை விட்டுடுங்க. நாங்கதான் நாளைக்குப் போயிடறோமே."

"எங்கே போவே? ஹாவ்லிதி கனவுல வந்து இந்த வீட்டுலதான் பேர் கேக்கறான்."

செத்தவர்கள் கனவில் வந்து, பிறக்கும் குழந்தைக்குத் தங்கள் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டால், ஐஸ்லாந்தின் அந்த மீனவ ஊரில் மறுத்தவர்கள் கிடையாது.

ஹெர்டிஸுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "கனவு வந்தா பெத்தவளுக்குல்ல வரணும்?"

"பச்சை உடம்புக்காரியைப் பயமுறுத்த வேணாம்னு என்கிட்ட வந்தான். அவனுக்கு உன்னைவிட புத்தி ஜாஸ்தி."

பெர்கூர் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நனைஞ்சிருந்தானா அக்கா?"

கடலில் போனவர்கள் மனசு ஆறாவிட்டால் சொட்டச் சொட்ட நனைந்துதான் கனவில் வருவார்களாம்.

"இல்லப்பா. காஞ்ச உடுப்பு. நான் பின்னிக் குடுத்த நீலக் கம்பளிச் சட்டை. தலையை வாரியிருந்தான். 'பெர்கூர் அண்ணன் வீட்டுல என் பேர் இருக்கட்டும்மா'ன்னான். அவ்வளவுதான்."

"அதுக்காக?" என்றாள் ஹெர்டிஸ். "ஹாவ்லிதின்னா கடல்ல போறவன்னு அர்த்தம். இந்தப் பிஞ்சுக்கு அது ஆகுமா?"

இப்போது பதில் சொன்னது இல்வா. "கடல்ல போறவன்னுதானே அர்த்தம்? முழுகுறவன்னு இல்லையே."

பிறகு பாதிரியாரிடம் குழந்தையை நீட்டி, அந்தப் பெயரைச் சொன்னாள். தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட்டது. கூடவே பெர்கூரும் வாய்விட்டு அழுதான். இரண்டு வருஷத்து அழுகை.

அழுது ஓய்ந்தவன் மகனை வாங்கி ஜன்னலோரம் கொண்டு போனான். "அதோ பாரு, நம்ம படகு. பெயிண்டெல்லாம் உரிஞ்சு கிடக்கு. பனி கரையட்டும், அடிச்சிடலாம்."

மூலையில் இருந்த பெட்டி ஒன்றின் கயிற்றை இல்வா சத்தமில்லாமல் அவிழ்த்தாள்.

திரும்பி நடக்கும்போது கியார்தன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் அவனுக்கு அப்பன்தானே? என் கனவுல ஒரு தடவைகூட வரலையே. முகம் எப்படி இருந்துச்சு?"

ஸ்டெய்ன்வோர் நின்றாள்.

"தப்பு இல்லன்னு நீங்க சொல்லியே பெர்கூர் கேக்கலை. எனக்கோ, அவனைப் பார்த்தா வாய் வரலை. நானே சொன்னாலும், பாவப்பட்டுச் சொல்றதா நினைப்பான். செத்த பிள்ளை சொன்னாத்தான் நம்புவான்."

"அப்போ... அந்தக் கனவு?"

"கனவு வரணும்னா தூங்கணுமே. நம்ம பிள்ளை போனதுலேர்ந்து நான் எங்கே தூங்கினேன்?" கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குத் தூக்கம் வரும்போல இருக்கு. நிஜமாவே வர்றானான்னு பார்க்கறேன்."