மாமியாருக்கு ஒரு தனிக் கதவு

“ஸ்டூலை நீ பிடிச்சிருந்தா நான் ஏன் விழப் போறேன்?” என்றான் லுபோவா, தரையில் மல்லாந்து கிடந்தபடி. இடது கணுக்கால் விண்விண் என்று தெறித்தது. கண்களில் சுவர்க் காரை கொட்டி, திறக்கவே முடியவில்லை.

“ஒம்போது மாச வயித்தோட நான் ஸ்டூலைப் பிடிக்கணுமாக்கும்! கொத்தனாரைக் கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்றாள் அவன் மனைவி நம்பூஸி. ஒரு ஜக் தண்ணீரை அவன் முகத்தில் அடித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். “கிபிரிகே அண்ணே! கொஞ்சம் வாங்களேன்!”

பக்கத்து வீட்டுக் கிபிரிகே கரி மூட்டை ஏற்றுகிறவன். லுபோவா மாதிரி ஆளெல்லாம் அவனுக்கு அரை மூட்டை.

இத்தனைக்கும் லுபோவா சுவரை உடைக்க ஏறியது மாமியாருக்காகத்தான். தலைப்பிரசவத்துக்கு மகள் பக்கத்தில் இருக்க, வருகிற சனிக்கிழமை மசாகா ஊரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர்கள் குல வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது; தொட்டுவிட்டாலோ ஆயுசுக்கும் கை நடுக்கம். அப்படித் தொட்டுவிட்ட லுபோவாவின் சித்தப்பாவால் இன்றுவரை ஒரு கிளாஸ் டீயைச் சிந்தாமல் குடிக்க முடியாது.

வீட்டிலோ ஒரு கூடம், ஓர் அறை, ஒரே வாசல். நடுவில் தடுப்பும் பின்சுவரில் தனிக் கதவும் வைக்காவிட்டால், அந்தம்மா வாசலோடு திரும்பிப் போய்விடுவாள். அதை நினைத்து நம்பூஸி ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தாள்.

திமுதிமுவென்று காலடிச் சத்தம் உள்ளே வந்தது. ஏதோ கனத்த போர்வையை உதறும் ஓசை. அடுத்த நொடி, போர்வை போர்த்திய அகல முதுகொன்றில் லுபோவா ஏறியிருந்தான்.

“என் மேல இருக்கிற அழுக்குக்குப் பயந்து போர்வையா? துரைதான்டா நீ!”

மழையில் வழுக்கும் மண் சரிவில் முதுகு விறுவிறுவென்று இறங்கியது.

“மெதுவாடா கிபிரிகே! எல்லாம் எங்க மாமியாரால வந்த வினை. ‘கதவு அகலமா இருக்கட்டும்’னு மக கிட்ட போன்ல சொல்லிச்சு. முகத்தைத்தான் நான் பாத்ததில்ல, குரலைக் கேட்டிருக்கேனே! அதுக்கு லாரி ஷெட் கதவுதான்டா வைக்கணும்.”

“ஐயோ, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வாங்களேன்!” பின்னால் மூச்சு வாங்க வந்த நம்பூஸி கெஞ்சினாள்.

“ஏன்? மசாகா வரைக்கும் கேக்கவா போகுது?”

முதுகு குலுங்கியது. பயல் சிரிக்கிறான் என்று லுபோவாவுக்கு உற்சாகம் வந்தது. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே அது வடிந்துவிட்டது.

“விளையாட்டுக்குச் சொன்னேன்டா. அவங்க வரலைன்னா இவ பயத்துலயே பாதியாயிடுவா. எனக்குப் பிள்ளைப்பேறு பத்தி என்ன தெரியும்? சுவரு பாதியில நிக்குது, காலும் போச்சு. அவங்க திரும்பிப் போயிட்டா நான் என்னடா பண்ணுவேன்?”

முதுகு ஒரு கணம் நின்றது. அவனை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு முன்னைவிட வேகமாக நடந்தது.

கிளினிக்கில் அவனைக் கட்டிலில் இறக்கியதும், நர்ஸ் கண்களைக் கழுவ ஆரம்பித்தாள். அவனைத் தூக்கி வந்த கால்கள் அவசர அவசரமாக மூலையிலிருந்த திரைக்குப் பின்னால் போய் நின்றன.

“சுளுக்குதான், எலும்பு தப்பிச்சுது. ரெண்டு வாரத்துக்கு ஸ்டூல் பக்கமே போகக் கூடாது” என்றாள் நர்ஸ்.

லுபோவா மெல்லக் கண் திறந்தான். எதிரே மனைவி, உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிபிரிகே எங்க? அவனுக்கு ஒரு சேவல் பிடிச்சுக் கொடுக்கணும்.”

“அவரு காலையிலயே கரி ஏத்தப் போயிட்டாராம். வீடு பூட்டிக் கிடக்கு.”

“அப்போ என்னைத் தூக்கிட்டு வந்தது யாரு?”

திரை லேசாக அசைந்தது. நாலு தெருவுக்குக் கேட்கக்கூடிய குரல் ஒன்று, தன்னால் முடிந்த மட்டும் தணிந்து சொன்னது:

“கொஞ்சம் கண்ணை மூடிக்குங்க மாப்பிள்ளை, நான் வெளியே போகணும்.”