காந்தம் ஒட்டாத கம்பி

பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் செண்பகராமன் அப்பாவின் அஸ்தியை வாங்கப் போனபோது, தகன மேடையில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி பானையோடு ஒரு சாண் நீளக் கம்பியையும் நீட்டினாள்.

"அப்பா கால்ல இருந்திருக்கு, அண்ணாச்சி."

நாட்டில் உருகும் இரும்பில் பெரும்பங்கு தங்கள் கைபட்டுப் போவதுதான் என்று வியாபாரிகள் சங்கத்தில் மார்தட்டுகிறவர் அவர். எந்த உலோகத்தைக் கையில் வாங்கினாலும் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துப் பார்ப்பார். இப்போதும் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. ஒட்டாதது விலை கூடியது.

"நல்ல சரக்கு" என்றது வாய்.

பக்கத்தில் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது எப்பக்கா வச்சது?"

"மூணு வருசமாச்சு. வழுக்கி விழுந்து எலும்பு முறிஞ்சு, ஆபரேசன்ல வச்சது. நீ லோடு லோடுன்னு அலையுதேன்னு, உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாரு."

இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ முறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே பேசிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை.

முத்துப்பேச்சி மூலையிலிருந்த சாக்கைக் காட்டினாள். உள்ளே எரிந்தவர்களின் எலும்புகளில் இருந்த தகடுகளும் திருகாணிகளும் கரிபடிந்து கிடந்தன.

"வேண்டாம்னா இதுல போட்டுருங்க, அண்ணாச்சி. நெறஞ்சதும் உங்க கடைக்குத்தான் கொண்டு வருவோம்."

அந்தச் சாக்கை அவர் பலமுறை எடை போட்டிருக்கிறார்.

கம்பி கைக்குள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எந்தக் கால் என்று அக்காவிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.