ஒற்றைக் கடுக்கன்

செராங்கூன் ரோட்டில் மாடுகள் கனவில் நடப்பதுபோல் நடந்து திரிந்த காலத்தில், மருதப்பன் என்று ஒரு வண்டிக்காரன் இருந்தானாம். அவன் மனைவி செங்கமலம், சிரிப்பை முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம்.

கிணற்றடியில் வழுக்கி விழுந்து, அவள் முன்பல் பாதி உடைந்திருந்தது.

"பல் வைத்தியரு ஆ செங் தங்கத்துல உறை போட்டுவிடுவாரு. என் கடுக்கனை உருக்கிக்கலாம், வா புள்ள" என்பான்.

"பல்லை அரத்தால ராவுவாங்களாமே. நான் வரமாட்டேன்" என்பாள்.

ஒருநாள் அந்தியில் மருதப்பன் வீட்டுக்குள் வந்து சிரித்தான். வாயில் பொன்மணி ஒன்று மின்னியது. இடக்காதில் கடுக்கனைக் காணோம்.

பக்கத்து வீட்டு ஜைனப் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, பல்லுலயே விளக்கு ஏத்திட்டீங்க? இனிமே எண்ணெய் மிச்சம்."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "உடைஞ்சது என் பல்லு. தங்கம் உங்களுக்கா?"

"துளிகூட வலிக்கல, புள்ள."

"உங்க வலியை இங்க யாரு கேட்டா?"

அன்றிரவு சோறு இருந்தது, பேச்சு இல்லை.

விடிந்ததும் செங்கமலம் ரோச்சோர் கால்வாய் ஓரம் ஆ செங்கின் கடையில் போய் நின்றாள். வண்டிக்காரர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றிருந்த சீனப் பல் வைத்தியர் அவர்.

"எம் புருஷன் பல்லுல அப்படி என்ன சொத்தை?" முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்.

"சொத்தை இல்ல லா. நல்ல பல்லு. கரும்பை முறிக்கும். வேணாம்னு சொன்னேன், கேக்கல."

"மினுக்கணும்னு ஆசை. வேற என்ன."

ஆ செங் அரத்தைத் துடைத்தபடி தலையாட்டினார். "ஆசை இல்ல. 'முதல்ல எனக்கு ராவிப் பாருங்க. வலிச்சா என் சம்சாரத்தைக் கூட்டி வரமாட்டேன். வலிக்கலைன்னா இன்னொரு கடுக்கன் அவளுக்கு'ன்னு சொல்லிச்சு."

கால்வாய்த் தண்ணீரில் காலை வெயில் பொன்னாய் உருகிக்கொண்டிருந்தது.

செங்கமலம் புருஷனைக் கூட்டிவர வீட்டைப் பார்த்து நடந்தாள். எதிரே வந்தவர்களெல்லாம் அவளுடைய உடைந்த பல்லைப் பார்த்தார்கள். முந்தானை காற்றில் பறந்துகொண்டிருந்தது.