கத்தாத நோயாளி

“அண்ணே, கொஞ்சம் கத்துங்களேன்!” ஆயா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“வரலைம்மா. நீ கட்டு” என்றார் டிரைவர்.

அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு. முதலுதவிச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் வேலை இல்லை என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கை நடுங்கிக் கோட்டை விட்டிருந்தாள். இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட.

தேர்வுக்கு அவரவரே ஒரு ‘நோயாளி’யைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நோயாளி வராவிட்டால் தேர்வு கிடையாது. யாரைக் கூப்பிடுவது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, “நான் எதுக்கு இருக்கேன்?” என்று தானாக முன்வந்தவர் அவளுடைய பேருந்தின் டிரைவர்தான். ஒரு வாரமாக, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் பின் இருக்கையில் ஒத்திகை நடந்தது. அப்போது மனிதர் போட்ட கூச்சல் இருக்கிறதே! “ஐயோ, போச்சு! என் கை போச்சு! இனிமே ஸ்டியரிங்கை யாரு பிடிப்பா?” தெருவில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அவருக்கு ‘நாடகம்’ என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை.

அப்படிப்பட்டவர் இன்றைக்கென்று பார்த்துப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். வந்ததிலிருந்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு, ஒரு வாரமாக நீட்டிய வலது கையை விட்டுவிட்டு, “இன்னைக்கு இது” என்று இடது கையைக் காட்டினார்.

“வலதுலதானேண்ணே பழகினோம்?”

“பஸ்ல பிள்ளைங்க உன்னைக் கேட்டுட்டா கையை உடைச்சுக்கப் போறாங்க?”

மேசைக்கு அந்தப் பக்கம் தேர்வு நடத்த உட்கார்ந்திருந்த மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அங்கே என்ன ரகசியம்? முன்கை எலும்பு முறிவு. ஆரம்பிங்க.”

ஆயா அவர் முன்னால் மண்டியிட்டாள். “பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன். கையை அசைக்க வேண்டாம். எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், நான் நிமிர்த்த மாட்டேன்.”

கெட்டியாக மடித்த செய்தித்தாளை முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை மெதுவாக அடியில் கொடுத்தாள். இடைவெளியில் பஞ்சு வைத்தாள். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே, முறிவுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு. டிரைவரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி அவள் கையில் விழுந்தது.

“உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? பரீட்சை எனக்கா, உங்களுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான்” என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த மனுஷன் இப்படிக் காலை வாருகிறாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கட்டியதில், அவள் கை நடுங்கவே மறந்துபோனது. ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று அவர் விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தாள். வெளுத்த நகம் உடனே சிவந்தது. “விரல் மரத்துப் போகுதாண்ணே?” அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். முக்கோணத் துணியால் கையைத் தாங்கிக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.

மேடம் எழுந்து வந்து கட்டுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். “இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. நோயாளிதான் சரியான கல்லுளிமங்கன். நீங்க பாஸ்.”

ஆயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நீங்க மட்டும் வரலைன்னா என் பிழைப்பே போயிருக்கும்ணே. உங்களைப் போய்த் திட்டினேனே! கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்ய மாட்டான். சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும்.”

“எனக்கு எதுக்கு?”

“சரி சரி, உங்க பாசமலரை வெளியே போய் வச்சுக்கங்க” என்றார் மேடம். “கட்டைப் பிரிச்சுத் துணியைக் கொடுங்க. அடுத்த ஆள் காத்திருக்காங்க.”

ஆயா கழுத்து முடிச்சில் கை வைத்தாள்.

“ஐயோ, பிரிச்சிடாதேம்மா!” டிரைவர் அன்றைக்கு முதல் முறையாகக் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“இந்தக் கட்டோடவே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. காலையில பஸ் கழுவும்போது படியில வழுக்கி விழுந்துட்டேன். அப்பவே போயிருந்தா, நோயாளி இல்லாம உன் பரீட்சை போயிருக்குமே!”